மலையைக் காட்டப் போனோம், குழி இருந்தது

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் பாறையும் மண்ணும் பற்றி ஒரு பாடம் உண்டு. பதினாறு வருடமாக நடத்துகிறேன். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவேன். பக்கத்தில் மண்ணின் அடுக்குகளை வண்ணச் சுண்ணாம்புக்கட்டியால் வரைவேன். பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொண்டு, அப்படியே மனப்பாடம் செய்து, அப்படியே மறந்துவிடுவார்கள். போன வருடம் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், கிரானைட்டுன்னா கடையில விக்கிறதுதான? அது எப்படி பூமிக்கு அடியில போச்சு?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு மலை தெரிகிற ஊர் எங்களுடையது. இந்த ஊர்ப் பிள்ளைக்குப் பாறை என்றால் கடைச் சரக்கு என்று படுகிறதே என்று இருந்தது.

அதனால் இந்த வருடம் நாற்பத்திரண்டு பேரையும் பேருந்தில் ஏற்றி நேரில் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். தலைமை ஆசிரியை உடனே சரி சொன்னார். ஒரே ஒரு நிபந்தனைதான். "மொதல்ல பெரியவங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. எங்க எறங்கணும், எங்க நிக்கணும், பாத்ரூம் எங்க இருக்கு, எல்லாம் தெரிஞ்சப்புறம் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாம்." அப்போது அது எனக்கு வீண் அலைச்சலாகத்தான் தோன்றியது. இப்போது அந்த நிபந்தனையை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

பிள்ளைகளோடோ, குடும்பத்தோடோ இதே மாதிரி ஒரு பயணம் திட்டமிடுகிறவர்கள் இதைக் கடைசிவரை படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை. அதற்கு முன் நாலைந்து நாள் நல்ல மழை. அன்று காலையில்தான் வெயில் முகம் காட்டியது. மதுரை காளவாசலில் இருந்து ஆறரை மணிக்கு வாடகை வண்டியில் கிளம்பினோம். நாள் வாடகை டீசலோடு சேர்த்து 2,800 ரூபாய். என்னோடு வந்தவர் எங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் பாலமுருகன் சார். முப்பத்தாறு வயது. கழுத்தில் விசில் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை, விடுமுறை நாளிலும் அப்படித்தான். பிள்ளைகளை வெளியில் கூட்டிப்போனால் யார் எங்கே நிற்பது, யார் கையை யார் பிடிப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. வண்டி ஓட்டியவர் சோலை அண்ணன். ஐம்பது வயது இருக்கும், மேலூர்ப் பக்கத்துக்காரர்.

படிவுப்பாறைக்கு என்ன செய்வது என்று முந்தின வாரமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். மதுரையைச் சுற்றி நல்ல படிவுப்பாறையைத் தேடுவது கஷ்டம். கடைசியில் என் அடுக்களையில்தான் விடை கிடைத்தது. கேஸ் அடுப்பு உட்கார்ந்திருக்கும் மேடை கடப்பாக் கல். எப்போதோ ஒரு கடலின் அடியில் படிந்த சேறு, மேலே மேலே படிந்ததன் பாரத்தில் இறுகிக் கல்லானது. அதன்மேல்தான் நான் தினமும் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறேன். காளவாசலில் ஒரு கல் கடையில் உடைந்த துண்டு ஒன்று கேட்டேன். கடைக்காரர் இனாமாகவே கொடுத்தார். உங்கள் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள், ஓரத்தில் ஏடு ஏடாகத் தெரியும்.

முதல் நிறுத்தம் யானைமலை. காளவாசலில் இருந்து ஊருக்குள் புகுந்து ஒத்தக்கடை போக ஏறக்குறைய பதின்மூன்று கிலோமீட்டர். பேருந்தில் வருகிறவர்கள் மாட்டுத்தாவணியில் இருந்து டவுன் பஸ் பிடிக்கலாம், அடிக்கடி உண்டு. ஒத்தக்கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழே முக்காலுக்கு மலையடிவாரத்தில் இருந்தோம்.

சாலையில் போகும்போது யானை படுத்திருக்கிற மாதிரித் தெரிகிற மலை, கிட்டே போனால் வேறு மாதிரி. பாறை முழுக்க வெள்ளையும் சாம்பலும் வரி வரியாக ஓடுகின்றன. நெளிந்து, மடங்கி, சில இடத்தில் சுழித்து. கல் ஒரு காலத்தில் பிசைந்த மாவு மாதிரி இளகி இருந்திருக்கிறது என்பதை அந்த நெளிவே சொல்கிறது. பூமிக்கு அடியில் கொதிக்கிற சூட்டிலும் தாங்க முடியாத அழுத்தத்திலும் கிடந்து தன் உருவத்தை மாற்றிக்கொண்ட பாறை. நைஸ் என்று பாடப்புத்தகத்தில் வரும். பெயரை விட்டுவிடுங்கள், வரிகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

அடிவாரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். பகல் வெயிலில் விரிந்து ராத்திரிக் குளிரில் சுருங்கிச் சுருங்கி, மலை வெங்காயத் தோல் மாதிரி உரிகிறது. உரிந்த ஏடு விழுந்து உடைகிறது. உடைந்தது நொறுங்குகிறது. ஒரு பாறை இடுக்கில் கைப்பிடி அளவு மண் சேர்ந்திருந்தது. அதில் நாலு புல்லும் ஒரு துளி பாசியும். பாலமுருகன் சார் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா டீச்சர்? இம்புட்டு பெரிய மலைக்கு இம்புட்டூண்டு மண்ணா?" என்றார்.

"இதுக்கே பல நூறு வருசம் ஆகியிருக்கும் சார்."

"சும்மா சொல்லாதீங்க."

சும்மா சொல்லவில்லை. பாறை பொடியாகி, அதில் செடி முளைத்து, மட்கி, புழுவும் பூச்சியும் புரட்டிப் போட்டு, ஒரு அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு வருடம் பிடிக்கும் என்பது பாடத்திலேயே இருக்கிறது. தேர்வில் கேட்கிற கேள்வியும்கூட. அன்று சாயங்காலத்துக்குள் அதையே வேறு ஒருவரிடம் சொல்ல வேண்டிவரும் என்றும், சொல்ல எனக்கு வாய் வராது என்றும் அப்போது தெரியாது.

ஒன்பது மணிக்கு மேலூர் நோக்கிக் கிளம்பினோம். நாலு வழிச்சாலை, இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நான் காட்ட நினைத்திருந்தது மேலூரில் இருந்து உள்ளே ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு சின்னக் குன்று. கல்லூரியில் படிக்கும்போது எங்கள் துறையில் ஒருமுறை அங்கே கூட்டிப்போயிருந்தார்கள். ஏறுவதற்குச் சுலபம், உச்சியில் தட்டையான இடம், சுற்றிலும் கண்மாயும் வயலும் தெரியும். பிள்ளைகளுக்கு ஏற்ற மலை என்று எனக்கு நினைவு.

மேலூர் தாண்டி உள்சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் போனபிறகும் எந்தப் பக்கமும் குன்று தெரியவில்லை. வழி தவறிவிட்டோம் என்று நினைத்தேன். சோலை அண்ணன் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

"அண்ணே, இங்கன ஒரு மலை இருந்துச்சாம்ல, தட்டையா. எங்கிட்டுப் போகணும்?"

கடைக்காரர் எங்கள் மூவரையும் ஒரு மாதிரி பார்த்தார்.

"மலையா? எந்தக் காலத்துல வந்தீங்க? அதத்தான் வெட்டி எடுத்துப்புட்டாய்ங்களே."

"வெட்டின்னா, பாதி மலையா?" என்று நான் கேட்டேன்.

"பாதி என்னம்மா பாதி. அம்புட்டும்தான். போய்ப் பாருங்க, குழிதான் கெடக்கு."

கிரானைட் கல் வெட்டுகிறார்கள் என்று எல்லோரையும்போல நானும் செய்தியில் படித்திருக்கிறேன். மலையின் இடுப்பில் ஒரு காயம், ஓரத்தில் ஒரு பள்ளம் என்றுதான் மனதில் படம் இருந்தது. ஒரு மலை முழுசாக இல்லாமல் போகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பூமியிலேயே நிரந்தரமானது எது என்று கேட்டால் மலை என்று சொல்லிக்கொடுக்கிற ஆள் நான்.

அரை கிலோமீட்டர் மண்பாதை. மழை ஈரத்தில் சக்கரம் வழுக்கியது. பாதை ஓரத்தில் வண்டி உயரத்துக்குச் சதுரம் சதுரமாகக் கற்கள். விரிசல் விழுந்ததாலோ நிறம் சரியில்லாததாலோ வேண்டாம் என்று விட்டுப்போனவை. அறுந்து கிடந்த கம்பி வேலியைத் தாண்டி நடந்தோம். அதற்கு அப்பால் தரை முடிந்துவிட்டது.

அல்வாத் துண்டு போடுகிற மாதிரி பாறையை நேர் நேராக வெட்டி இறக்கியிருந்தார்கள். படிப்படியாக இறங்கி, நாலைந்து பனை ஆழத்தில் பச்சைத் தண்ணீர். அசைவே இல்லை. எதிர்ச் சுவரில் துளை போட்ட கோடுகள் சீப்பு இழுத்த மாதிரி வரிசையாக இருந்தன. நான் ஒருமுறை ஏறி நின்ற உச்சி அந்தத் தண்ணீருக்கு மேல் ஆகாயத்தில் எங்கோ இருந்திருக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தேன். ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. கூட வந்தவர்கள் முன்னால் அழக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எதிர்ச் சுவரின் மேல் விளிம்பைக் கவனித்தேன். பாடப்புத்தகப் படம் அப்படியே அங்கே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே செம்மண், என் முழங்கை அளவுகூட இருக்காது, வேர்கள் தொங்கின. அதற்குக் கீழே சரளை. அதற்குக் கீழே கையால் உடைக்கிற மாதிரி உக்கிப்போன மஞ்சள் பாறை. அதற்கும் கீழே, தண்ணீர்வரை, இறுகிய பாறை. மேலே ஒரு கோடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் செம்மண்ணில்தான் இந்தச் சீமையின் நெல்லும் கடலையும் விளைகிறது. வருத்தத்துக்கு நடுவிலும் எனக்குள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள்.

"சார், மலை போனா போகட்டும். இதைப் பிள்ளைங்க பார்க்கணும். நான் வரையுற படம் இதுதான்."

"பார்க்கலாம் டீச்சர். ஆனா எங்க நிறுத்துறது?" என்றார் பாலமுருகன் சார். சொல்லிக்கொண்டே விளிம்பை ஒட்டி நடந்தார். எங்களுக்கு இடப்பக்கம் புல் முளைத்த அகலமான மேடு ஒன்று இருந்தது. நிழலுக்கு இரண்டு கருவேல மரம். அங்கே இருந்து எதிர்ச் சுவர் நன்றாகத் தெரியும். அவர் அதன்மேல் ஏறி, இரண்டு கையையும் விரித்து அளந்து, "ரெண்டு வரிசையா நிக்க வைக்கலாம்" என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

பின்னால் எங்கிருந்தோ ஒரு பெண் குரல், "ஏய்யா, அதுல ஏறாதீங்க! எறங்குங்க, எறங்குங்க!"

குரல் வந்த பக்கம் நான் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது மேட்டின் மேல் அவர் இல்லை.

சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. அரிசி மூட்டையைச் சாய்த்தால் கொட்டுகிற மாதிரி ஒரு சரசரப்பு. அதன்பின் தண்ணீரில் கல் விழுகிற சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. நான் "சார்!" என்று கத்தினேன். பதில் இல்லை. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அப்புறம் கீழே இருந்து விசில் சத்தம் வந்தது. விட்டு விட்டு, மூச்சு வாங்கி வாங்கி.

சோலை அண்ணன் வண்டிக்கு ஓடி, இழுவைக் கயிற்றைக் கொண்டுவந்தார். இருவரும் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தோம். பன்னிரண்டு அடி கீழே, வெட்டிவிட்ட பாறைப் படி ஒன்றில் அவர் ஒருக்களித்துக் கிடந்தார். படியின் அகலம் ஒரு கட்டில் அளவு. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, தண்ணீர்தான். இடது கை ஒரு தினுசாக மடங்கியிருந்தது. அவர்மேல் மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. அண்ணன் கயிற்றை வீசினார். சார் பிடிக்கவில்லை. நல்ல கையால் பாறையைப் பற்றியிருந்தார், கயிற்றைப் பிடிக்க இன்னொரு கை இல்லை. நான் விளிம்பில் இன்னும் கொஞ்சம் முன்னே நகர்ந்தேன்.

யாரோ என் காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். சற்றுமுன் குரல் கொடுத்த பெண். வயலில் இருந்து ஓடிவந்திருக்கிறார், கையெல்லாம் சேறு.

"எந்திரிங்க ரெண்டு பேரும். இது தரை இல்ல, குழி தோண்டுன மண்ணக் கொட்டி வச்ச மேடு. மழையில ஊறிப்போய்க் கெடக்கு. உங்களையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்."

"அவரு கீழ..."

"தெரியுது. அங்கிட்டுப் பாறைப் பக்கமா வாங்க. படி வெட்டியிருக்கு. அந்த வழியாத்தான் எறங்கணும்."

அவர் பெயர் அழகுமீனா. குழிக்குப் பக்கத்து வயல் அவருடையது. வலப்பக்கம் நாங்கள் சுற்றி ஓடினோம். அங்கே மண்ணே இல்லை, வெறும் பாறை. வேலைக்காரர்கள் இறங்க வெட்டிய படிகள் இருந்தன. அதில் ஒரு படி, சார் கிடந்த பாறைப் படியோடு போய்ச் சேர்ந்தது. சோலை அண்ணன் கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினார். இன்னொரு முனையை வெட்டிப்போட்ட ஒரு கல்லைச் சுற்றி நானும் அழகுமீனாவும் பிடித்துக்கொண்டோம். அண்ணன் பாறையோடு பாறையாக ஒட்டி, பக்கவாட்டில் நகர்ந்து போனார்.

"சார், கீழ பாக்காதீங்க. என்னையப் பாருங்க. ஆங், அப்படித்தான். நல்ல கையக் குடுங்க."

"அண்ணே, மேல மண்ணு வருது அண்ணே."

"வரட்டும். நீங்க வாங்க."

ஒவ்வொரு அடிக்கும் சார் முனகினார். அவர் விடுகிற ஒவ்வொரு முனகலும் எனக்கு ஆறுதலாக இருந்தது, உயிரோடு இருக்கிறார் என்பதால். படியில் ஏறி எங்களிடம் வந்து சேர்ந்ததும் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் செம்மண். வாயில் விசில் இன்னும் இருந்தது. நான்தான் அதை எடுத்தேன்.

மேலூரில் ஒரு மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது பதினொன்றரை. இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. விலாவில் அடி, எலும்பு தப்பித்தது. வீட்டுக்குச் சொன்னோம், அவர் மனைவி மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்தார். சாருக்குக் கட்டுப் போட்டார்கள். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"டீச்சர், நான் ஒரு ஆளுக்கே அது தாங்கல. நான் நாப்பத்திரண்டு பிள்ளைகள நிக்கவைக்க எடம் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. நிழலுள்ள இடம். அகலமான இடம். எதிர்ச் சுவர் நன்றாகத் தெரிகிற இடம். நாங்கள் நேரடியாகப் பிள்ளைகளோடு வந்திருந்தால் அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்போம். நான் முன்னால் நின்று விரலை நீட்டிப் பாடம் நடத்தியிருப்பேன். முன்வரிசையில் உயரம் குறைந்த பிள்ளைகள் நின்றிருப்பார்கள். ஒவ்வொரு முகமாக எனக்கு ஞாபகம் வந்தது. எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

சாரின் மனைவி வந்தபிறகு, என் கைப்பை அந்தக் குழி ஓரத்திலேயே கிடக்கிறது என்று நினைவு வந்தது. சோலை அண்ணனோடு இரண்டு மணிக்குத் திரும்பிப் போனேன். அழகுமீனா பையைப் பத்திரமாக மோட்டார் ரூமில் வைத்திருந்தார். "சாப்டீங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தூக்குவாளியில் இருந்து சோற்றைப் பிரித்துக் கொடுத்தார். புளிக்குழம்பும் வறுத்த கருவாடும். அண்ணனும் நானும் சாப்பிட்டோம்.

அப்போதுதான் அந்த வயலை நிதானமாகப் பார்த்தேன். பாதையைவிட முழங்கால் அளவு தாழ்வாக இருந்தது. கால்வாசியில் கடலைச் செடி பச்சையாக நின்றது. மிச்சம் முழுக்கச் சரளை, நடுநடுவே மஞ்சள் பாறைப் பொடி. காலையில் எதிர்ச் சுவரில் நான் பார்த்த இரண்டாவது அடுக்கும் மூன்றாவது அடுக்கும் இங்கே வெயிலில் கிடந்தன. முதல் அடுக்கைக் காணோம்.

"இங்க மேல்மண் எங்கங்க?"

"வித்துட்டாய்ங்க" என்றார்.

நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் விளக்கினார். அவர் மாமனார் காலம்வரை அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது, அடுத்தவர் வயலில் கூலி வேலைதான். இவரும் இவர் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துச் சேர்த்துவைத்து இந்த எண்பது சென்டை வாங்கினார்கள். வாங்கும்போது தரை புல்லும் பூண்டுமாக இருந்தது. முதல் தடவை உழுதபோதுதான் தெரிந்தது. முன்னால் வைத்திருந்தவர் நிலத்தை விற்பதற்கு முன், மேல்மண்ணைத் தனியாக வழித்து, வீட்டுமனைக்குப் பள்ளம் நிரப்ப லாரி லாரியாகக் கொடுத்திருக்கிறார்.

"பட்டாவுல எண்பது சென்டும் சரியாத்தான் இருந்துச்சு. மண்ணு இருக்கான்னு யாரு பாத்தா? மொத வருசம் கடலை போட்டோம். புடுங்குனா, காயி புளியங்கொட்டை அளவுக்குத்தான் இருந்துச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளு சாப்பிடல."

அப்புறம் அனுமதி வாங்கிக் கண்மாயில் இருந்து கரம்பை எடுத்துவந்து போடுகிறார்கள். கண்மாயின் அடியில் வருடா வருடம் மழைநீர் கொண்டுவந்து சேர்க்கிற வண்டல் அது. வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, இப்போதுதான் கால்வாசி தேறியிருக்கிறது. நான் குனிந்து இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு பிடி அள்ளினேன். ஒன்று கையில் ஈரமாக ஒட்டியது. இன்னொன்று விரலிடுக்கில் ஓடிப்போனது. முன்தினம்வரை எட்டுக் கிலோமீட்டரோ எண்பது கிலோமீட்டரோ நடக்கச் சொன்னாலும் நடந்து பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பேன், இப்படி ஒரு வித்தியாசத்தை. அன்று அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"டீச்சர்னுதான சொன்னீங்க? பூகோளமா?" என்று கேட்டார் அழகுமீனா.

"ஆமாங்க."

"ஒண்ணு கேக்கணும். இந்தப் பாறைப்பொடியே நாளாவட்டத்துல மண்ணா மாறும்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. மாறுமா?"

"மாறும்."

"எம்புட்டு வருசம் ஆகும்? அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சிட்டா, கரம்பை அடிக்கிற பாடு மிச்சம்ல."

அவர் முகத்தில் அப்படி ஒரு எதிர்பார்ப்பு. பத்து வருடம் என்று சொன்னால் பத்து வருடம் காத்திருக்கத் தயாராக இருந்தார். எத்தனை வகுப்பில், எத்தனை தடவை, எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறேன் அந்த விடையை.

"ஒரு அங்குல மண்ணுக்கே பல நூறு வருசம் ஆகும்னு சொல்றாங்க."

அவர் என்னையே பார்த்தார். "நூறா?"

"பல நூறு."

சோலை அண்ணன் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுத் திரும்பினார். அழகுமீனா வயலைப் பார்த்தார். முழங்கால் அளவு இல்லாமல் போனதை மனதுக்குள் அளக்கிறார் என்று தெரிந்தது.

"அப்ப எம் பொண்ணு காலத்துலயும் வராது."

"வராது."

"அவ பொண்ணு காலத்துலயும்?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவருக்குக் கோபம் வந்தது. என்மேல் இல்லை. "ஒரு வாரத்துல அள்ளிட்டுப் போயிட்டாய்ங்க டீச்சர். ஒரே வாரம். ரெண்டு மிஷினு, நாலு லாரி." அப்புறம் மம்பட்டியை எடுத்துக்கொண்டு, "சரி, அப்ப கரம்பையத்தான் நம்பணும். சும்மா காத்துக்கிட்டுக் கெடக்காம, தெரிஞ்சதும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு வரப்பில் உடைப்பை அடைக்கப் போய்விட்டார்.

ஊர் திரும்பும் வழியில் ஒத்தக்கடை தாண்டும்போது சோலை அண்ணன், "யானைமலையாச்சும் இருக்கட்டும்" என்றார்.

திங்கட்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அழகுமீனா தொலைபேசியில் அழைத்தார். ஞாயிறு ராத்திரி அங்கே மறுபடி மழை.

"சார் எப்படி இருக்காரு? வலி குறைஞ்சிருச்சா?"

சொன்னேன்.

"டீச்சர், நீங்க ரெண்டு பேரும் மொதல்ல படுத்து எட்டிப் பாத்தீங்கள்ல, கயிறு போட்டுக்கிட்டு, அந்த எடம் இல்ல."

"இல்லன்னா?"

"இல்ல. அந்த ரெண்டு கருவேல மரத்தோட சேத்து ராத்திரி உள்ள போயிருச்சு. விடிஞ்சு பாத்தேன். தண்ணியில மரத்தோட தலை மட்டும் தெரியுது."

நான் அப்படியே அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் ஓடிவந்து என்ன என்று கேட்டார். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பிள்ளைகளைக் கூட்டிப்போவதை நிறுத்திவிடலாமா என்று தலைமை ஆசிரியை கேட்டார். வேண்டாம், வழியை மாற்றுவோம் என்று சொன்னவர் பாலமுருகன் சார்தான். ஜனவரியில், மழை விட்டு நன்றாகக் காய்ந்தபிறகு போய்வந்தோம். காலையில் யானைமலை அடிவாரம், பிற்பகலில் அழகுமீனாவின் வயலில் குழிக்கு எதிர்க்கோடியில், பாதையை ஒட்டி. பிள்ளைகள் இரண்டு கையிலும் இரண்டு மண்ணை அள்ளிப் பார்த்தார்கள். அழகுமீனா அவர்களிடம் தன் கதையைச் சொன்னார். நான் இடையில் பேசவே இல்லை. குழியை யாரும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரின் மண் அடுக்கைப் பழையபடி கரும்பலகையில் வரைந்துதான் நடத்தினேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். யானைமலைக்கு எட்டு மணிக்குள் போய்விடுங்கள், ஒன்பதுக்கு மேல் பாறை சுடும். அடிவாரத்தில் பாறைதான் பாடம், பிள்ளைகளை மேலே ஏற்ற வேண்டியதில்லை. கழிப்பறைக்கு ஒத்தக்கடைதான், அங்கேயே முடித்துக்கொண்டு போங்கள். கடப்பாக் கல் துண்டு ஒன்றும், தீப்பாறைக்கு, வீட்டில் பழைய அம்மி இருந்தால் அதன் படம் ஒன்றும் கையில் இருக்கட்டும், ஒப்பிட்டுக் காட்ட உதவும். மண் பார்க்க ஆசை இருந்தால் எந்த விவசாயியிடமும் கேளுங்கள், வயலில் இறங்கவிடுவார்கள். நிலம் வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஒரு மம்பட்டி கொண்டுபோய் ஒரு முழம் தோண்டியும் பாருங்கள்.

இந்தக் குழியைப் பற்றி முன்பு சுருக்கமாக எழுதியபோது, அது இருக்கிற ஊரின் பெயரைக் கேட்டு நிறையப் பேர் எழுதினீர்கள். படம் எடுக்க அழகான இடம் என்று ஒருவர் வர்ணித்தும் இருந்தார். பெயரை எழுத மாட்டேன். எங்கேயாவது வழியில் அப்படி ஒரு பச்சைத் தண்ணீரைப் பார்த்தால், விளிம்புக்குப் போவதற்கு முன் பக்கத்து வயலில் இருக்கிறவரிடம், காலுக்குக் கீழே இருப்பது தரையா, கொட்டிவைத்த மண்ணா என்று கேளுங்கள். கேட்க ஆள் இல்லையென்றால் வண்டியைவிட்டு இறங்காதீர்கள்.